நாளுக்கு ஒரு பகுதி: தமிழ் வீடுகளுக்கு விவிலிய வாசிப்பு வந்த வழி

ஆர்.கே.புரம் என்று சொன்னதும் டெல்லித் தமிழர்களுக்குச் சட்டென்று ஞாபகத்துக்கு வருபவை மூன்று. ஒன்று, 1973இல் குடமுழுக்கு கண்ட மலை மந்திர். இரண்டு, 1946இல் தொடங்கப்பட்ட டெல்லித் தமிழ்ச் சங்கத்தின் கட்டடம். மூன்று, டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிக்கூடம். இந்த மூன்றுக்கும் வாசலில் பெயர்ப்பலகை உண்டு. பலகை எதுவும் மாட்டாமல், அரசுக் குடியிருப்புகளின் நான்கு சுவருக்குள்ளேயே நடந்துவந்த தமிழ்ப் பழக்கம் ஒன்றும் இருக்கிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி, தஞ்சாவூர்ப் பக்கங்களிலிருந்து மத்திய அரசு வேலைக்கு வந்த கிறிஸ்தவக் குடும்பங்களின் 'குடும்ப ஜெபம்' தான் அது. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்போ பின்போ எல்லாரும் உட்கார்ந்து ஒரு கீர்த்தனை பாடுவார்கள். பைபிளில் ஒரு பகுதியை வாசிப்பார்கள். "சரி, இதிலே இன்னைக்கு நமக்கு என்ன இருக்கு?" என்று பெரியவர் ஒருவர் கேட்பார். ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்வார்கள். பிறகு ஜெபம், படுக்கை.

அந்தக் கேள்வியைத்தான் இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்கிறது. இதிலே இன்னைக்கு நமக்கு என்ன இருக்கு? கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது. ஆனால் அது தானாக வந்த கேள்வி அல்ல. அதற்கு ஊர் உண்டு, ஆண்டு உண்டு, அதைத் தமிழில் கேட்க வைத்த மனிதர்கள் உண்டு. அதனால் தமிழுக்கு வந்த லாபமும் உண்டு, அந்தக் கேள்விக்குள்ளேயே ஓர் ஆபத்தும் உண்டு. கிறிஸ்தவரல்லாத அன்பர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏனென்றால் கடைசியில் இது நம் எல்லார் வீட்டுப் பிள்ளைகளையும் பற்றிய விஷயமாகத்தான் வந்து நிற்கப்போகிறது.

பாராயணமும் வாசிப்பும்

தினமும் ஒரு புனித நூலை ஓதுவது தமிழனுக்குப் புதிதல்ல. கோயிலில் ஓதுவார் தேவாரம் பாடுகிறார். வீட்டில் சுந்தரகாண்டம் பாராயணம் நடக்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பேருந்தில் ஏறினால் எதிரே ஒரு திருக்குறள் இருக்கிறது. ஆனால் பாராயணத்தில் ஓதுவதே பலன். சொல் பிசகக்கூடாது, நாள் தவறக்கூடாது. பொருளை நம் வாழ்க்கையோடு ஒட்டிப் பார்ப்பது அதற்கு அடுத்த படி.

அந்த அடுத்த படியையும் நம்மவர்கள் வகுத்துத்தான் வைத்திருந்தார்கள். சைவ சித்தாந்தத்தில் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என்று நான்கு படிகள் சொல்வார்கள். இதில் வியப்பு என்னவென்றால், 12ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டில் கீகோ என்ற துறவி, விவிலியத்தை வாசிப்பதற்கும் நான்கு படிகளைத்தான் வகுத்தார்: வாசித்தல், தியானித்தல், ஜெபித்தல், இறைவனில் ஒன்றி இளைப்பாறுதல். இவரை அவர் அறியார், அவரை இவர் அறியார். இருந்தாலும் உள்ளே போகும் வாசலை இருவரும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் கட்டியிருக்கிறார்கள்.

அப்படியானால் எது புதிது? மடத்துக்கும் புலவர் வீட்டுக்கும் உரியதாக இருந்த அந்தப் படிகள், அச்சிட்ட உரைநடையாக, சாதாரணக் குடும்பத்தின் கைக்கு, தினசரிக் கணக்கோடு வந்து சேர்ந்ததுதான் புதிது.

தரங்கம்பாடியில் ஆரம்பம்

ஜெர்மனியில் ஹாலே என்ற ஊரில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்ற பேராசிரியர் இருந்தார். கோட்பாட்டுச் சண்டையை விட வாழ்க்கை மாற்றமே முக்கியம் என்று சொன்ன பக்திநெறி இயக்கத்தின் தலைவர்களில் ஒருவர். எளிய மக்கள் விவிலியத்தை எப்படி வாசிக்க வேண்டும் என்று 1694இலேயே ஒரு சிறு வழிகாட்டி எழுதினார். ஜெபத்தோடு தொடங்கு, நிதானமாக வாசி, வாசித்ததை உன் மேலேயே பொருத்திப் பார், மறுபடி ஜெபத்தில் முடி என்பதுதான் அதன் சாரம். நம் வீட்டுப் பெரியவர் கேட்கிற கேள்வி இங்கேயிருந்துதான் கிளம்பி வந்தது என்று சொல்லலாம்.

அந்த ஹாலேயில் பயின்ற பார்த்தலோமியு சீகன்பால்கு, டென்மார்க் அரசர் அனுப்ப, 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தவர் அவர். 1708இல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கி 1711இல் முடித்தார். 1712இல் லண்டனிலிருந்து அச்சு இயந்திரம் வந்தது, அடுத்த ஆண்டு ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. ஆனால் அந்த எழுத்துகள் பெரியவை. அவற்றால் அச்சிட்டால் காகிதம் கட்டுபடியாகாது. என்ன செய்தார்கள் தெரியுமா? பாலாடைக்கட்டி அடைத்து வந்த டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கிச் சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். 1714இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715இல் மீதியுமாகப் புதிய ஏற்பாடு முழுவதும் வெளிவந்தது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் முழுப் புதிய ஏற்பாடு இதுதான்.

அச்சு வந்ததும் நடந்ததைக் கவனிக்க வேண்டும். தஞ்சாவூர்ப் படையில் ராஜநாயக்கன் என்று ஒருவர் சேவை செய்துவந்தார். கத்தோலிக்கர். 1720களில் தரங்கம்பாடி அச்சில் வந்த சுவிசேஷங்கள் அவர் கைக்குக் கிடைத்தன. எந்த மிஷனரியும் பக்கத்தில் இல்லை. தானே வாசித்தார், வாசித்ததைத் தன் மேலே பொருத்திப் பார்த்தார், தரங்கம்பாடியைத் தேடிப் போனார். பிறகு அங்கேயே உபதேசியாராக நீண்ட காலம் பணி செய்தார். ஒரு குருவோ புலவரோ இடையில் நின்று விளக்காமல், அச்சிட்ட தமிழ் உரைநடை ஒரு தனிமனிதனோடு நேருக்கு நேர் பேசியதற்கு நமக்குக் கிடைக்கும் பழைய சான்றுகளில் இது ஒன்று.

'வேதக்காரர்கள்'

தெற்கே திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவர்களுக்கு 'வேதக்காரர்கள்' என்று ஒரு பெயர் உண்டு. 'அவங்க வேதத்துக்கு வந்துட்டாங்க' என்பார்கள். சாமியின் பெயராலோ கோயிலின் பெயராலோ அல்லாமல் புத்தகத்தின் பெயராலேயே ஒரு சமூகம் அழைக்கப்பட்டது என்றால், அந்தப் புத்தகம் தினமும் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

பட்டது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் காலத்திலிருந்து, கிறிஸ்தவ ஊர்களில் காலையும் மாலையும் மணி அடித்து மக்களைக் கூட்டி வாசிக்கும் வழக்கம் பரவியது. பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது. உபதேசியார் வாசிப்பார், கேள்வி கேட்பார், மக்கள் பதில் சொல்வார்கள். எழுதத் தெரிந்த பிள்ளைகள் பிரசங்கத்தை எழுத்தாணியால் ஓலையில் குறித்துக்கொள்வதை அக்கால மிஷனரிகள் வியந்து எழுதியிருக்கிறார்கள். பனையேறிப் பிழைத்த குடும்பங்களில் எழுத்து நுழைந்த வழிகளில் இந்த மணியோசையும் ஒன்று.

தினமும் கேட்டால் சொற்கள் நாக்கில் ஊறிவிடும். அதற்கும் ஒரு சான்று இருக்கிறது. பெப்ரீஷியஸ் செய்த புதிய ஏற்பாடு 1772இல் வந்தது, அவருடைய பழைய ஏற்பாடு அவர் மறைந்த பிறகு 1796இல் நிறைவடைந்தது. அதற்குப் பிறகு ரேனியஸ் அந்த மொழிபெயர்ப்பைத் திருத்தப் புறப்பட்டபோது, தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் அதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். 'பெத்லகேம் குறவஞ்சி' பாடிய அதே சாஸ்திரியார்தான். எதிர்ப்பு சரியா தப்பா என்பது வேறு. வாசித்து வாசித்துச் சொந்தமாகிவிட்ட வார்த்தையை யாராவது மாற்றினால் நம் வீட்டுச் சாமானைத் தூக்கிக்கொண்டு போவதுபோல இருக்கும். 1871இல் ஹென்றி பவர் தலைமையில் ஒரு குழு, முத்தையா பிள்ளையின் தமிழ்த் துணையோடு உருவாக்கிய மொழிபெயர்ப்பை இன்றைக்கும் பெரும்பாலான புராட்டஸ்டண்டு வீடுகள் விட மறுப்பதற்கும் காரணம் இதுவே. 1995இல் கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து இன்றைய தமிழில் 'திருவிவிலியம்' கொண்டுவந்த பிறகும், "பாட்டி வாசிச்ச பைபிள்தான் மனசுல நிக்குது" என்பவர்கள் உண்டு.

கத்தோலிக்கர் வீட்டுக் கதை கொஞ்சம் வேறு. செபமாலையும் செபப் புத்தகமும்தான் அவர்களுக்கு வீட்டு பக்தியாக இருந்தன. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், எல்லா விசுவாசிகளும் விவிலியத்தை அடிக்கடி வாசிக்க வேண்டும் என்று வற்புறுத்தியது. 1969இல் ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுற்றாகவும் வாரநாள் வாசகங்கள் இரண்டு ஆண்டுச் சுற்றாகவும் அமைக்கப்பட்டன.

நாட்கணக்கு வந்தது எப்படி?

'நாளுக்கு இவ்வளவு' என்று பிரிக்க முதலில் புத்தகத்துக்கு அளவுகோல் வேண்டும். அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் செய்தது என்பார்கள். இப்போதுள்ள வசன எண்களைப் போட்டு 1551இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்கூடக்காரர். அந்த எண்கள் வந்த பிறகுதான் 'இன்றைய வசனம்' என்ற ஒன்றே சாத்தியமாயிற்று.

1728 மே 3 அன்று ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரில் சின்சென்டார்ஃப் பிரபு மறுநாளைக்கென்று ஒரு வாசகத்தைச் சபையாருக்குக் கொடுத்தார். அதிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு வசனம் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. 1731 முதல் ஆண்டு முழுமைக்குமான வசனங்கள் புத்தகமாகவே அச்சாயின. இன்றுவரை அந்த வரிசை நிற்கவில்லை. இந்தச் சின்சென்டார்ஃப், ஹாலேயில் மாணவராக இருந்தபோது தரங்கம்பாடிச் செய்திகளைக் கேட்டு வளர்ந்தவர். அவருடைய சபையார் 1760இல் தரங்கம்பாடிக்கே வந்து குடியேறினார்கள். உலகம் அப்போதே சின்னதுதான் போலிருக்கிறது!

1842இல் ஸ்காட்லாந்துப் போதகர் மெக்செயின், ஓராண்டில் முழு விவிலியத்தையும் முடிக்க ஓர் அட்டவணை தந்தார். 1879இல் இங்கிலாந்தில் ஆனி மார்ஸ்டன் என்ற ஞாயிறு பள்ளி ஆசிரியை தன் மாணவிகளுக்குக் கைப்பட எழுதிக் கொடுத்த தினசரிப் பட்டியலே, சிறுவர்களுக்கான அச்சிட்ட வாசிப்பு அட்டையாகி, 'ஸ்கிரிப்சர் யூனியன்' இயக்கமாக வளர்ந்து உலகம் சுற்றியது.

கணக்கு எளிது. புராட்டஸ்டண்டு பைபிளில் 1189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்றும் கொஞ்சமும் வாசித்தால் ஓராண்டில் முடியும். புதிய ஏற்பாடு மட்டும் என்றால் 260 அதிகாரங்கள். வாரத்துக்கு 5 நாள், நாளுக்கு ஒன்று என்றால் சரியாக 52 வாரம். சனி ஞாயிறு விட்டுப்போனாலும் கணக்கு தப்பாது. நீதிமொழிகளில் 31 அதிகாரங்கள் என்பதால் தேதிக்கு ஒன்றாக வாசிக்கிற வீடுகளும் உண்டு.

தமிழ் மண்ணிலும் இதற்கு ஒரு தனி உதாரணம் இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் தோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல், 1931இல் விழுந்து அடிபட்ட பிறகு, 1951இல் மறையும் வரை பெரும்பாலும் தன் அறைக்குள்ளேயே இருக்க வேண்டியதாயிற்று. நடமாட முடியாதவர், தன் தோனாவூர்க் குடும்பத்துக்குத் தினசரிச் சிறு குறிப்புகள் எழுதி அனுப்பினார். ஒரு வசனம், அதிலிருந்து அன்றைக்குத் தனக்குக் கிடைத்த ஒரு பாடம். அவ்வளவுதான். அவை அவர் மறைந்த பிறகு நாளுக்கு ஒன்றாக வாசிக்கும் நூல்களாகத் தொகுக்கப்பட்டன. தனக்கு வலிக்கிற இடத்திலிருந்து எழுதியதால்தான் அவை மற்றவர்களுக்கும் உதவின.

யாழ்ப்பாணம் தந்த எதிர்பாராத பரிசு

இந்த வாசிப்பால் கிறிஸ்தவர்களுக்கு மட்டும்தான் லாபமா? இல்லை. 1840களில் யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீட்டர் பெர்சிவல் விவிலியத்தை மொழிபெயர்த்தபோது துணை நின்றவர் ஓர் இளம் சைவர். அவர்தான் ஆறுமுக நாவலர். அந்த மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. அந்த வேலைக்காக விவிலியத்தைச் சொல் சொல்லாக வாசித்தவர், சைவத்தை விட்டு விலகவில்லை. மாறாக, 'ஒரு சாதாரண மனிதன் கையில் எடுத்து வாசிக்கும்படி சைவனுக்கு என்ன இருக்கிறது?' என்ற கேள்வி அவருடைய பணிகளிலெல்லாம் தெரிகிறது. 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கம் தொடங்கினார். 1848இல் பள்ளிக்கூடம், பிறகு அச்சுக்கூடம், பாலபாடங்கள், பெரியபுராணத்தின் வசன வடிவம். இன்றைக்கு நாம் காற்புள்ளி, முற்றுப்புள்ளி வைத்துத் தெளிவாக எழுதும் உரைநடையில் அவர் கையும் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் ஒரு வீட்டில் வாசிக்கும் வழக்கம் இருந்தால் அடுத்த வீட்டிலும் விளக்கு எரியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

ஒரே புத்தகம், இரண்டு பாடம்

இனி ஆபத்துக்கு வருவோம். 'எனக்கு இதில் என்ன?' என்று கேட்கும்போது, எனக்கு வேண்டியதையே புத்தகத்திலிருந்து எடுத்துவிடவும் முடியும்.

முன்னே சொன்ன வேதநாயக சாஸ்திரியார் பெரும் கவிஞர், ஆழ்ந்த பக்தர். விவிலியம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் 1820களில் தஞ்சாவூர்ச் சபையில் சாதிப்படி தனித்தனியாக உட்காரும் வழக்கத்தைப் புதிய மிஷனரிகள் ஒழிக்க முனைந்தபோது, 1829இல் 'சாதி திருத்தலின் பயித்தியம்' என்று அதை எதிர்த்து எழுதினார். சாதி உலக வழக்கு, விசுவாசத்தைத் தொடாது என்பது அவர் பக்கத்து வாதம். 1833இல் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை கூடவே கூடாது என்று எழுதியபோது பலர் சபையை விட்டே விலகி நின்றார்கள். தினமும் வாசித்தவர்கள்தான் அவர்களும். வாசிப்பு போதவில்லை. வாசித்தது அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தை அசைக்கவில்லை.

தஞ்சாவூரில் 1892இல் பிறந்த இன்னொருவரைப் பாருங்கள். ஜே.சி. குமரப்பா. லண்டனில் கணக்காளர் படிப்பு, அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகம், பம்பாயில் நல்ல வருமானம். 1929இல் காந்தியைச் சந்தித்த பிறகு அதையெல்லாம் விட்டுவிட்டுக் கிராமத் தொழிலுக்காக உழைத்தார். விடுதலைப் போரில் ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபோது, இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றி ஒரு நூலும், நிலைத்த பொருளாதாரம் பற்றி ஒரு நூலும் எழுதினார். இரண்டுக்கும் 1945இல் காந்தி முன்னுரை தந்தார். இந்த இரண்டு நூல்களும் ஒரே சிறையில், ஒரே மனிதனின் கையில் பிறந்தது தற்செயல் அல்ல. சுவிசேஷத்தில் வாசித்ததை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஒதுக்காமல், நூற்பு, உணவு, உழைப்பு, கூலி எல்லாவற்றுக்கும் அளவுகோலாக வைத்துப் பார்த்தவர் அவர்.

ஒரே ஊர், ஒரே புத்தகம். ஆனால் ஒருவருக்கு அது இருக்கிற இடத்தைக் காத்துக் கொடுத்தது, மற்றவரை இருக்கிற இடத்திலிருந்து எழுப்பிவிட்டது. ஆகவே நாம் எடுக்கிற பாடம் சரிதானா என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை போதும். அது எனக்கு வசதி செய்கிறதா, செலவு வைக்கிறதா? எப்போது வாசித்தாலும் நமக்குச் சாதகமாகவே தீர்ப்பு வருகிறது என்றால், நீதிபதி ஆசனத்தில் நாமே உட்கார்ந்திருக்கிறோம் என்று அர்த்தம்.

எரேமியாவின் கடிதமும் டெல்லித் தமிழரும்

இதை நம் நிலைமைக்கே பொருத்திப் பார்க்கலாம். புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை கொடுப்பது தமிழ்ச் சபைகளில் பரவலான வழக்கம். அதில் அடிக்கடி வருகிற ஒரு வசனம் எரேமியா 29ஆம் அதிகாரம் 11ஆம் வசனம். கடவுள் நம்மைக் குறித்து வைத்திருக்கிற நினைவுகள் நன்மைக்கானவை, நல்ல முடிவு உண்டு என்பது அதன் கருத்து. பையனுக்கு வேலை, பெண்ணுக்குக் கல்யாணம், ஊரில் ஒரு வீடு என்று ஒவ்வொருவரும் தன் ஆசையை அதற்குள் வைத்துப் பார்ப்போம். ஆறுதல்தான், தப்பில்லை.

ஆனால் அதிகாரம் முழுவதையும் வாசித்தால் விஷயமே வேறு. அது ஒரு கடிதம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்கு, ஏறத்தாழ 2600 ஆண்டுகளுக்கு முன்பு நாடு கடத்தப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதியது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவர், இரண்டே வருஷத்தில் எல்லாரும் ஊர் திரும்பிவிடலாம் என்று கூட்டத்தில் சொல்லிக் கைதட்டு வாங்குகிறார். எரேமியா சொல்வது கசப்பானது: எழுபது ஆண்டு ஆகும். அதனால் போன இடத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் நலனைத் தேடி அதற்காக ஜெபம் பண்ணுங்கள், அது நன்றாக இருந்தால் நீங்களும் நன்றாக இருப்பீர்கள். இதையெல்லாம் சொன்ன பிறகுதான் அந்த 11ஆம் வசனம் வருகிறது. சீக்கிரம் ஊர் போய்ச் சேருவாய் என்பதல்ல, காத்திருக்கிற காலமும் வீண் காலம் அல்ல என்பதே அந்த வாக்குறுதி.

டெல்லித் தமிழனுக்கு இதைவிட நேரடியான கடிதம் உண்டா? 'ரிடையர் ஆனதும் ஊருக்குப் போயிடுவோம்' என்ற நினைப்பிலேயே முப்பது வருஷம் அரசுக் குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள் எத்தனை பேர்! பெட்டியை முழுசாகப் பிரிக்காமலே ஒரு வாழ்க்கை. பக்கத்து வீட்டு பஞ்சாபி, கட்வாலிக் குடும்பத்தின் நல்லது கெட்டதில் கலந்துகொள்ளாமல், ஹிந்தி 'நம்ம பாஷை இல்லை' என்று தள்ளி வைத்து, அதே சமயம் பிள்ளைக்குத் தமிழ் எழுத்தும் சொல்லிக் கொடுக்காமல் இரண்டுங்கெட்டானாக இருந்துவிட்ட வீடுகள் உண்டு. மற்றொரு பக்கம், எரேமியாவை வாசித்தார்களோ இல்லையோ, அவர் சொன்னதைச் செய்து காட்டியவர்கள் இதே ஊரில் உண்டு. சங்கம் கட்டினார்கள், கோயில் எழுப்பினார்கள், 1923இல் தொடங்கிய கல்விக் கழகத்தின் வழியாகப் பள்ளிகளை நடத்தினார்கள். அந்தப் பள்ளிகளில் வேறு மொழிப் பிள்ளைகளும் படித்தார்கள். இருக்கிற பட்டணத்தின் நலனைத் தேடுவது என்றால் இதுதான்.

ஒரு வசனத்தை மட்டும் எடுத்திருந்தால் நமக்கு ஆறுதல் கிடைத்திருக்கும். அதிகாரம் முழுவதையும் வாசித்ததால் வேலையும் சேர்ந்து கிடைக்கிறது. தினசரி வாசிப்பை வரிசையாக வாசிக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னதன் காரணம் இதுவே. பிடித்த பக்கத்தை மட்டும் திறக்கிறவனுக்குப் பிடிக்காத பக்கம் பேசவே முடியாது.

நம் வீட்டில் என்ன செய்யலாம்?

நம் வீடுகளில் தமிழ் பேச்சில் இருக்கிறது, எழுத்தில் தேய்கிறது. பிள்ளை "அம்மா, பசிக்குது" என்று தமிழில் சொல்கிறான், ஆனால் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தால் விழிக்கிறான். 1970இல் உருவான வட இந்தியத் திருச்சபையில் பல ஆலயங்களில் ஆராதனை ஹிந்தியிலோ ஆங்கிலத்திலோ நடக்கிறது. தமிழ் ஆராதனை கிடைக்காத குடும்பத்துக்கு வீடு ஒன்றுதான் தமிழ் வாசிக்கிற இடம். அதுவும் நின்றுபோனால், தரங்கம்பாடியில் ஈய மூடியை உருக்கி வார்த்த எழுத்து நம் தலைமுறையோடு வீட்டை விட்டுப் போய்விடும்.

செய்யக்கூடியது பெரிய விஷயமல்ல. மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம். அதில் தொடங்கலாம். நாளுக்குப் பாதி அதிகாரம் போதும். பத்து நிமிஷத்துக்கு மேல் நீள வேண்டாம். பிள்ளை இரண்டு வசனம் தமிழில் வாசிக்கட்டும். தட்டித் தடுமாறினாலும் அடிக்கடி குறுக்கிட்டுத் திருத்த வேண்டாம். அர்த்தம் புரியவில்லை என்றால் திருவிவிலியத்தின் எளிய தமிழைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். கைப்பேசியில் ஒலிவடிவமும் கிடைக்கிறது, ஆனால் வீட்டுக்காரர் குரலுக்கு ஈடு ஏது?

வாசித்த பிறகு மூன்றே கேள்வி: இதில் என்ன நடந்தது? இதில் யாருடைய இடத்தில் நான் இருக்கிறேன்? நாளைக்கு நான் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா? முதலில் பிள்ளை பேசட்டும், அப்பா கடைசியில் பேசட்டும். முக்கியமாக, வசனத்தை வைத்து அடுத்தவரைக் குத்தக் கூடாது. "பார்த்தியா, உனக்குத்தான் சொல்லியிருக்கு" என்று மருமகளைப் பார்த்துச் சொன்ன அன்றே அந்த வீட்டில் குடும்ப ஜெபம் செத்துப்போகும். பாடம் எடுக்க வேண்டியது அவரவர் தனக்கே.

மற்ற சமயத்து அன்பர்களுக்கும் வழி இதுதான். திருக்குறள் 1330. நாளுக்கு ஒன்று என்றால் மூன்று ஆண்டும் ஏறத்தாழ எட்டு மாதமும். ஆறாம் வகுப்பில் தொடங்குகிற பிள்ளை பத்தாம் வகுப்புக்கு முன்னாலேயே முடித்துவிடும். தேவாரமோ திவ்வியப் பிரபந்தமோ, எதுவானாலும் சரி, பாராயணத்தோடு நிறுத்தாமல் அந்த ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டால் போதும்.

விவிலியத்தில் மன்னாவைப் பற்றி ஒரு கதை உண்டு. பாலைவனத்தில் நடந்துபோன மக்களுக்கு விடியற்காலையில் உணவு தரையில் கிடந்தது. அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே பொறுக்கிக்கொள்ள வேண்டும். நாளைக்கும் ஆகட்டும் என்று சேர்த்து வைத்தவர்களுக்குப் புழு பிடித்து நாறியது. ஓய்வுநாளுக்கு முந்தின தினம் மட்டும் இரண்டு மடங்கு. வாசிப்பும் அப்படித்தான். தாத்தா வாசித்தது தாத்தாவுக்கு. அவர் பைபிளைப் பட்டுத்துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருப்பது நல்ல மரியாதைதான், ஆனால் அதில் நமக்குச் சாப்பாடு இல்லை. ஆர்.கே.புரத்தின் பழைய குவார்ட்டர்ஸில் நம் பெரியவர்கள் விளக்கடியில் உட்கார்ந்து கேட்ட கேள்வியை, நாம் இப்போது இருக்கிற வீட்டில், நம் பிள்ளைகளோடு, தமிழிலேயே இன்று இரவும் கேட்கலாம்.